நொக்கை நிறுத்துவதா, நொக்கின் வாயை அடைப்பதா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. டேர்போ கார் வைத்திருக்கும் தம்பிமாரும், அந்தக் காருக்குக் காசு கொடுக்கும் வாப்பாமாரும் பொறுமையாக வாசியுங்கள்.

சொல்ல வருவது ஒரே விடயம்தான். என்ஜினில் நொக் வராமல் செய்வது ஒரு வேலை. நொக் வருகிறது என்று சொல்லும் வாயை அடைப்பது இன்னொரு வேலை. நம் பக்கத்தில் மொடிபை பண்ணிய கார்களுக்கு அடிக்கடி நடப்பது இரண்டாவது வேலை. ஆனால் முதல் வேலை செய்ததாகத்தான் பில் எழுதப்படுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். நொக் சென்சர் என்பது என்ஜின் புளொக்கில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்ட சிறிய ஒலிவாங்கி. சிலிண்டருக்குள் பெற்றோல் பிழையாக எரிந்தால் புளொக் அதிரும். அந்த அதிர்வைச் சென்சர் மின் சைகையாக மாற்றி ஈசியூவுக்கு அனுப்பும். ஈசியூ உடனே இக்னிஷன் டைமிங்கைச் சில பாகை பின்னுக்கு இழுக்கும். பவர் குறையும், என்ஜின் பிழைக்கும். இந்தப் "பவர் குறையும்" என்ற இடத்தில்தான் தம்பிமாருக்கு எரிச்சல் வருகிறது. "இவ்வளவு செலவழித்தும் கார் இழுக்குதில்லையே" என்று கராஜுக்குப் போகிறார்கள்.

சென்சரின் வயரைக் கழற்றிவிட்டால் ஈசியூ அதைக் கண்டுபிடித்து லைட்டைப் போட்டு, இன்னும் கூடுதலாக டைமிங்கைக் குறைத்துவிடும். ஆகவே கெட்டித்தனமான வழி வேறு. சென்சரைப் புளொக்கிலிருந்து கழற்றி, வயர் தொடுத்தபடியே, ரப்பர் சுற்றி எங்கேயாவது ஓர் ஓரத்தில் கட்டிவிடுவது. அல்லது மேப்பில் அதன் உணர்திறனை இல்லாத அளவுக்குக் குறைத்துவிடுவது. இப்போது லைட்டும் இல்லை, பவரும் குறையவில்லை. கார் பறக்கிறது. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

முதலில் நொக் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்வோம். இது ஓ லெவல் விஞ்ஞானத்தைத் தாண்டாது.

பிளக் பொறி வைத்தவுடன் சிலிண்டருக்குள் இருக்கும் பெற்றோலும் காற்றும் ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் அருகில் சுவாலை தொடங்கி, ஓலைப்பாயில் தீ பரவுவதுபோல் ஓரங்களை நோக்கிப் பரவும். அப்படிப் பரவும்போது இன்னும் எரியாமல் மூலையில் மிச்சமிருக்கும் கலவை நெருக்கப்படுகிறது, சூடாகிறது. சுவாலை வந்து சேரும் முன்பே அது தன்பாட்டில் தீப்பற்றிவிட்டால் அதுதான் நொக். அமுக்கம் ஒரே தாவலில் ஏறி, அலைகள் சிலிண்டர் சுவர்களில் மோதி, மணி அடித்ததுபோல் ஒலிக்கும். அந்த ஒலியின் மீடிறன் சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்தது. சுபாரு ஈஜே20 என்ஜினின் போர் 92 மில்லிமீட்டர், அதில் ஏறத்தாழ 6 கிலோஹேர்ட்ஸ். 74 மில்லிமீட்டர் போர் உள்ள ஸ்டார்லெட் கிளான்ஸாவில் 7.5க்கு மேலே போகும். சிறிய மணி கீச்சென்று ஒலிப்பதுபோல.

கெடுதி சத்தத்தில் இல்லை. பிஸ்டனின் தலையை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். சுவாலையின் சூடு அலுமினியத்தில் நேராக ஏறாமல் காப்பது அதுதான். நொக் அலை அந்தப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. சூடு நேராகப் பிஸ்டனில் ஏறும். ரிங் உட்காரும் மெல்லிய விளிம்பு வெடிக்கும், ஹெட் காஸ்கட் போகும், பெயரிங் அடி வாங்கும். ஒரு தரம், இரண்டு தரம் வரும் இலேசான நொக்கை எந்த என்ஜினும் தாங்கும். டேர்போ பூஸ்ட்டில் தொடர்ந்து வந்தால், என்ஜினைக் கழற்றும் நாளுக்கு நீங்களே திகதி குறிக்கிறீர்கள்.

இதில் பலர் நம்பியிருக்கும் ஒரு பிழையான எண்ணம் உண்டு: "சத்தம் கேட்கவில்லை, ஆகவே நொக் இல்லை." பழைய கொரோலா கடுகண்ணாவை ஏற்றத்தில் நாலாம் கியரில் முனகும்போது, தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்குமே, அது நொக். ஆனால் மூன்று அங்குல எக்ஸோஸ்ட் போட்ட இம்ப்ரெஸாவில், 5000 சுற்றில், கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓடும்போது அது காதுக்கு எட்டாது. எட்டும் அளவுக்கு வந்துவிட்டதென்றால் பெரும்பாலும் வேலை முடிந்துவிட்டது.

நமது நாட்டில் இந்தப் பிரச்சினை கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் பெற்றோல். இங்கே பெரும்பாலான செட்களில் கிடைப்பது ஒக்டேன் 92, 95. ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்ட டபிள்யூஆர்எக்ஸ், எவலூஷன் போன்றவை அந்த நாட்டின் உயர்தரப் பெற்றோலை நம்பி டியூன் செய்யப்பட்டவை. அங்கே அது ஏறத்தாழ 100 ஒக்டேன். ஆகவே எதுவுமே மொடிபை பண்ணாமல் கப்பலில் இருந்து இறங்கிய காரே இங்கே ஓரளவு பின்வாங்கித்தான் ஓடும். அதன் மேல் பூஸ்ட்டையும் கூட்டினால்?

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மேப்கள் பல அமெரிக்காவில் செய்யப்பட்டவை. "93 ஒக்டேனுக்கான மேப்" என்று போட்டிருக்கும். நம் தம்பி பார்க்கிறார். "நம்மிடம் 95 இருக்கிறதே, இன்னும் பாதுகாப்புத்தானே" என்று ஏற்றிவிடுகிறார். இங்கேதான் என்ஜின் போகிறது. ஒக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஆர்ஓஎன் என்பது இலேசான நிலையில் அளப்பது, எம்ஓஎன் என்பது கடினமான நிலையில் அளப்பது. நாம் 92, 95 என்று சொல்வது ஆர்ஓஎன். அமெரிக்க பம்புகளில் எழுதியிருப்பது இந்த இரண்டின் சராசரி. எம்ஓஎன் வழமையாக எட்டுப் பத்துப் புள்ளிகள் குறைவாக வருவதால், அவர்களுடைய 93 நம் கணக்கில் 97 அல்லது 98. நம்முடைய 95 அவர்கள் கணக்கில் 90, 91. நம்முடைய 92 அங்கே மலிவான சாதாரணப் பெற்றோலுக்குச் சமம். மைலுக்கும் கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது. எண்ணை மட்டும் பார்த்து அலகைப் பார்க்காவிட்டால் கணக்கில் பிழைக்கும் பிள்ளையைப் போலத்தான் ஆவோம்.

இனி விடயத்துக்கு வருவோம். நொக் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பழக்கம் இங்கே நன்றாகப் பொருந்தும். பிள்ளை கழித்தலில் பிழை விட்டால் உடனே இன்னும் நூறு கணக்குக் கொடுக்காதே. முதலில் குறையறி சோதனை வை. கடன் வாங்கத் தெரியவில்லையா, இடப்பெறுமானம் விளங்கவில்லையா, கண் தெரியவில்லையா என்று பார். அதற்குப் பிறகுதான் பரிகாரக் கற்பித்தல். கராஜிலும் இதே ஒழுங்குதான் வேண்டும். பிளக் மாற்று, கொயில் மாற்று, சென்சர் மாற்று, பம்ப் மாற்று என்று வரிசையாக மாற்றிக்கொண்டு போவது குறையறிதல் அல்ல, லொத்தர் சீட்டு வாங்குவது.

முதல் கேள்வி: இது நொக்தானா?

"என்ஜினில் தட்டுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது தட்டி, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரில் ஆடுகிறது. போர்ஜ்ட் பிஸ்டன் போட்ட என்ஜினில் இடைவெளி கூடுதலாக விடுவதால் இது சாதாரணம். குளிரில் டிக் டிக் என்று கேட்டு, அக்சிலரேட்டர் மிதிக்கக் கூடினால் எக்ஸோஸ்ட் காஸ்கட் ஒழுகலாம். வெப்பத் தகடு ஒன்று கழன்று ஆடினாலும் நொக் போலவே கேட்கும். அதைக் குறட்டால் பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கொன்ரொட் பெயரிங் சத்தம். அது கோலிக்குண்டு போல் இராது. ஆழமாக, சுத்தியலால் மரத்தில் அடிப்பதுபோல் தொக் தொக் என்று வரும். நியூட்ரலில் 2000, 3000 சுற்றுக்கு ஏற்றி அக்சிலரேட்டரை விடும்போது தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் வயரைக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைகிறதோ, பிரச்சினை அங்கே. ஒயில் அமுக்கத்தை மீற்றர் வைத்து அளக்க வேண்டும். ஒயில் பில்டரை வெட்டி விரித்துப் பார்த்தால் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுங்கும் தூள் இருக்கும். அப்படி இருந்தால் என்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், ரெக்கவரியில் ஏற்றுங்கள். பெயரிங்கை மாத்திரம் மாற்றித் தப்பக்கூடிய என்ஜின், இன்னும் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் புளொக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு ஒயிலை ரோட்டில் ஊற்றும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் அந்த ஒயிலில்தான் வருவார்.

இரண்டாவது கேள்வி: நொக் உண்மையா, பொய்யா?

சென்சர் ஓர் ஒலிவாங்கி என்று சொன்னேன். அதற்குக் கண் கிடையாது. கடினமான என்ஜின் மவுண்ட் போட்டிருந்தால், டவுன்பைப் உடம்பில் முட்டினால், வால்வுகள் சத்தமிட்டால், அதையும் நொக் என்று ஈசியூவுக்குச் சொல்லக்கூடும். சென்சரின் போல்ட் இறுக்கம்கூட முக்கியம். நடுவில் ஓட்டையுள்ள போஷ் வகைச் சென்சருக்கு ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். அடியில் துருவோ பெயின்டோ இருக்கக் கூடாது. ஆகவே "சென்சர் பொய் சொல்லுது" என்று பாஸ் சொன்னால் அது சாத்தியமே இல்லாத கதை அல்ல. ஆனால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும்.

நிரூபிப்பது கடினமில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். அதே ரோடு, அதே கியர், அதே சூடு. பூஸ்ட்டைக் குறைத்தோ, டைமிங்கை இரண்டு பாகை பின்னுக்கு வைத்தோ, நல்ல ஒக்டேன் பெற்றோல் கலந்தோ ஓட்டிப் பதிவு எடுங்கள். நொக் எண்ணிக்கை குறைந்தால் அது உண்மையான நொக். எதைச் செய்தாலும் அதே 3800 சுற்றில் அதே அளவு வந்துகொண்டே இருந்தால், எங்கேயோ ஓர் இரும்பு இரும்பில் முட்டுகிறது. அப்போது அந்த முட்டலைத் தேடிச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் பொய்ச் சைகை வந்தால் மட்டும், அந்த இடத்தில் மட்டும், விவரம் தெரிந்த டியூனர் உணர்திறனைத் தொடலாம்.

மூன்றாவது கேள்வி: உண்மையென்றால், ஏன்?

இங்கே ஊகம் வேண்டாம், லொக் வேண்டும். சுற்று, பூஸ்ட், டைமிங், ஒவ்வொரு சிலிண்டருக்குமான நொக் திருத்தம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, வைட்பேண்ட் காட்டும் காற்று-பெற்றோல் விகிதம். இந்த ஆறையும் ஒன்றாகப் பதிந்தால் நோய் தானாகவே பெயர் சொல்லும்.

சுற்று ஏற ஏறக் கலவையில் பெற்றோல் குறைந்துகொண்டே போனால் பம்ப், பில்டர், இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள். முழு பூஸ்ட்டில் டேர்போ பெற்றோல் என்ஜினில் இந்த விகிதம் வழமையாக 11க்கும் 12க்கும் இடையில் இருக்கும். 13ஐத் தாண்டினால் காலை எடுங்கள். இன்ஜெக்டர் 90 வீதத்துக்கு மேல் திறந்தே இருந்தால் அதற்கு இனிக் கொடுக்க எதுவும் இல்லை. பூஸ்ட் ஒரு கணம் மட்டும் எகிறி, அந்தக் கணத்தில் மட்டும் நொக் வந்தால் பூஸ்ட் கட்டுப்பாட்டையும் அதன் குழாய்களையும் பாருங்கள். முதல் ஓட்டத்தில் இல்லாமல் மூன்றாவது ஓட்டத்தில் வந்தால் இன்டர்கூலர் சூட்டை ஆற்ற முடியாமல் திணறுகிறது. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் வந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைப்பா, காற்று ஒழுகலா, பிளக் கோளாறா என்று பாருங்கள். எல்லாச் சிலிண்டரிலும் வந்தால் பெற்றோலும் மேப்பும்தான் முதல் சந்தேகநபர்கள்.

பிளக்கைக் கழற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளியோ, மிகச்சிறிய அலுமினிய மணியோ இருந்தால் வாக்குமூலம் கிடைத்துவிட்டது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். ஒயில் வழிந்தால் அந்த ஒயில் ஆவி சிலிண்டருக்குள் போய் ஒக்டேனைக் கீழே இழுக்கிறது. கடைசியாக கொம்பிரஷனும் லீக்டவுனும். இவற்றில் எதற்கும் புதுப் பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் இம்ப்ரெஸாவின் கதையைச் சொல்கிறேன். பெரிய குழாயும் ஓப்பன் பில்டரும் போட்டதிலிருந்து கார் மேட்டில் திணறியது. ஒரு கராஜில் பிளக்கும் கொயிலும் மாற்றினார்கள். இன்னொன்றில் நொக் சென்சர் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் "என்ஜின் போச்சு, வேறு என்ஜின் பாருங்கோ" என்றார்கள். ஒருவரும் ஒரு லொக் எடுக்கவில்லை. கடைசியில் லொக் எடுத்த ஒருவருக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கியது. காற்றை அளக்கும் எயார்புளோ மீட்டர், தான் உட்கார்ந்திருக்கும் குழாயின் அகலத்தை நம்பித்தான் கணக்குச் சொல்லும். குழாயைப் பெரிதாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், மீட்டர் குறைத்துச் சொல்லும். ஈசியூ பெற்றோலைக் குறைக்கும். அது மட்டுமல்ல, "சுமை குறைவு" என்று நினைத்து டைமிங்கை முன்னுக்கும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் நொக். பழைய குழாயைத் திரும்பப் போட்டார்கள், நொக் நின்றது. அந்தத் தம்பி மூன்று கராஜில் கொடுத்த காசுக்கு ஒரு வைட்பேண்ட் மீட்டரும் ஒரு நல்ல டியூனும் செய்திருக்கலாம்.

நொக்கின் வரலாறும் இதையேதான் சொல்கிறது. 1910களில் கார்கள் நொக் அடித்தபோது பழி விழுந்தது சார்ல்ஸ் கெட்டரிங் அறிமுகப்படுத்திய பற்றரி இக்னிஷன் மேல். அவரிடம் வேலை செய்த தோமஸ் மிட்ஜ்லி, சிலிண்டருக்குள் அமுக்கம் ஏறுவதைக் கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தார். பொறி வைத்த பிறகுதான் அந்தத் தாவல் வருகிறது, குற்றம் இக்னிஷனில் அல்ல, பெற்றோலில் என்று கண்டார். அந்தக் காலத்திலேயே லொக் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பரிகாரத்தில் அவர்கள் போன வழி வேறு. 1921இல் கண்டுபிடித்த ஈயச் சேர்வையைப் பெற்றோலில் கலந்தார்கள். நொக் அடங்கியது, ஈயம் உலகம் முழுவதும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஏறியது. அதைக் கார்ப் பெற்றோலில் இருந்து முற்றாக ஒழிக்க 2021 வரை சென்றது, கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. நோயைச் சரியாக அறிவது பாதி வேலை. மலிவான பரிகாரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது மீதிப் பாதி.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதும் எனக்குத் தெரியும். "ரேஸ் கார்களில் நொக் சென்சரே இல்லாமல் ஓடுகிறார்களே" என்பார்கள். ஓடுகிறார்கள்தான். அவர்கள் ஊற்றும் பெற்றோல் வேறு. டியூன் செய்யும்போது புளொக்கில் ஒலிவாங்கி வைத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே டைமிங் வைக்கிறார்கள். ஒரு சீசனில் என்ஜினை எத்தனை தடவை பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் காரில் பின் சீட்டில் உம்மாவும் தங்கச்சியும் இருக்கிறார்கள்.

"லொக் எடுக்கவும் காசுதானே" என்பது அடுத்த மறுப்பு. உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தாலும் இருபது, இருபத்தைந்து வருடத்துப் பழைய இம்ப்ரெஸாவும் எவலூஷனும் இனிக் கப்பலில் வரப்போவதில்லை. இருப்பவை இருப்பவைதான். ஒரு நல்ல என்ஜின் போனால் அதைப் போல இன்னொன்று தேடுவது எவ்வளவு பாடு என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

பாஸ்மாரை மட்டும் குறை சொல்ல நான் வரவில்லை. முப்பது வருடம் என்ஜினோடு வாழ்ந்த ஒருவரின் காது சாதாரண கருவி அல்ல. நீண்ட ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து எந்தச் சிலிண்டர் என்று சொல்லும் பாஸ்மார் நம் ஊரில் இருக்கிறார்கள், மாஷா அல்லாஹ். பிழையில் பாதி நம்முடையது. "இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லும் நேர்மையான பாஸை விட்டுவிட்டு, "இன்று பின்னேரம் தருகிறேன்" என்பவரிடம் போகிறோம். சோதித்துப் பார்த்ததற்குக் காசு கேட்டால் "ஒன்றும் மாற்றவில்லையே, என்னத்துக்குக் காசு" என்று சண்டை பிடிக்கிறோம். பாகத்துக்கு மட்டும் காசு கொடுத்து மூளைக்குக் கொடுக்காவிட்டால், அவர் பாகத்தைத்தான் மாற்றுவார்.

கடைசியாக ஒரு விடயம். இதுதான் என்னை எழுத வைத்தது.

வாய் அடைக்கப்பட்ட கார்கள் விற்பனைக்கு வருகின்றன. சென்சர் ஓரத்தில் கட்டப்பட்ட கார். அதைவிட இலகுவான வழியும் உண்டு: விற்கும் நாளன்று காலையில் பற்றரி வயரைக் கழற்றிப் போடுவது. நொக்கினால் ஈசியூ கற்றுக்கொண்டு குறைத்து வைத்திருந்த டைமிங் பல கார்களில் அழிந்துவிடும். அன்று கார் புதுக் கார் போல் இழுக்கும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரத்தில் ஈசியூ மீண்டும் கற்றுக்கொள்ளும். இல்லையென்றால் அதற்கு முன்பே என்ஜின் போய்விடும்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் இருந்த சம்பவத்தை நாம் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்தது அவருடைய குற்றம் அல்ல. மறைத்ததுதான் குற்றம். நொக் அடிக்கும் காரை விற்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. "தம்பி, இதில் நொக் வருது, லொக் இதோ, விலையை அதற்கேற்றபடி பேசுவோம்" என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். மறைத்து விற்றால் அந்தக் காசு ஹலாலா என்று உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். எந்த மத்ஹபில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

வாங்குபவர்களுக்கு: விற்பவர் முன்னிலையில் சென்சர் புளொக்கில் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ரேடியோ மணிக்கூடு பிழையாக ஓடினால் பற்றரி எப்போது கழற்றப்பட்டது என்று கேளுங்கள். ஓபிடி உள்ள காரில் ஸ்கேனரைப் போட்டு, ஈசியூவின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார்கள். பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்க்கச் சம்மதிக்காத ஆளிடம் கார் வாங்காதீர்கள்.

வைத்திருப்பவர்களுக்கு: லொக் இல்லாமல் ஒரு பாகமும் மாற்ற விடாதீர்கள். பூஸ்ட்டைக் கூட்டும் முன் வைட்பேண்ட் போடுங்கள். 95 கிடைக்காத ஊருக்குப் போகும்போது 92க்கான மேப்பை ஏற்றுங்கள், அல்லது பூஸ்ட்டைக் குறைத்து ஓட்டுங்கள். நொக் சந்தேகம் வந்தால் முதலில் காலை எடுங்கள், அதற்குப் பிறகு கராஜைத் தேடுங்கள்.

பாஸ்மாருக்கு: சோதனைக்குத் தனியாகக் கட்டணம் போடுங்கள், லொக்கை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். சென்சரைத் தொடச் சொல்லி வாடிக்கையாளர் கெஞ்சினால் முடியாது என்று சொல்லுங்கள். அந்த ஒரு நாள் வருமானத்தை வேறு வழியில் தருபவன் இருக்கிறான்.

பதிவை உங்கள் ஊர் கார் குரூப்பில் பகிருங்கள். லொக் வைத்திருப்பவர்கள் அதைப் பின்னூட்டத்தில் போடுங்கள், தெரிந்தவர்கள் சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.